தீவின் மறுபக்கம்

தமிழ்த் துறை மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று துறைத் தலைவர் அவர்கள் அன்புடன் பணித்தபோது, இலக்கியம் பற்றி எழுதுவதா, இலக்கணம் பற்றி எழுதுவதா என்று சற்றே தயங்கினோம். முடிவில், ஓர் இடைச்சொல்லையும் ஒரு தீவையும் ஒரு மோட்டார் சைக்கிள் பயணத்தையும் சேர்த்தே எழுதத் துணிந்தோம். இம்மூன்றும் எங்ஙனம் பொருந்தும் என்று வாசகர் வியக்கலாம். பொறுமையுடன் படித்துவர வேண்டுகிறோம்.

இக்கட்டுரையில் 'நாங்கள்' என்பது உடன்பிறந்தார் இருவரைக் குறிக்கும். இருவருமே இக்கல்லூரியின் பழைய மாணவர்கள். மூத்தவர் தமிழ் பயின்று, பள்ளித் தமிழாசிரியராய்ப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். இளையவர் வணிகவியல் பயின்று, ஊரிலேயே கடை நடத்தி வருபவர். பயணம் மேற்கொண்ட 2024ஆம் ஆண்டில் எங்களுக்கு அகவை முறையே 65, 58.

எங்கள் அத்தா 1958இல் நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பலேறிப் பினாங்கு சென்றார். அங்கே ஜார்ஜ் டவுனில், சூலியா தெருவை ஒட்டிய ஒரு சோற்றுக் கடையில் வேலைக்கு அமர்ந்தார். 1986இல் நிலையாக ஊர் திரும்பினார். இடைப்பட்ட 28 ஆண்டுகளில் அவர் ஊருக்கு வந்து சென்றது நான்கே முறை. எங்கள் இருவர் பிறப்பின்போதும் அவர் அருகில் இல்லை. மூத்தவர் தந்தையின் முகத்தை முதன்முதலாகக் கண்டது ஆறாம் வயதில். இளையவர் கண்டது ஐந்தாம் வயதில்.

அவரை எங்களுக்கு அறிமுகப்படுத்தியவை நீலநிற வான்கடிதங்களே. அவற்றில் நலம் விசாரிப்பு இருக்கும். அனுப்பிய பணத்தின் கணக்கு இருக்கும். இன்னாருக்கு இவ்வளவு கொடு என்ற ஆணை இருக்கும். அந்த ஊரைப் பற்றி ஒரு சொல்லும் இராது. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பதில் எழுதுபவர் மூத்தவரே. 1970ஆம் ஆண்டு என்று நினைவு. ஒரு நாள், சொல்ல வேண்டியவற்றையெல்லாம் சொல்லி முடித்தபின், "அந்த ஊரு எப்படி இருக்கும்னு கேட்டு ஒரு வரி எழுதுப்பா" என்றார் அம்மா. எழுதினோம். அடுத்த மாதம் விடை வந்தது. 'நாங்கள் இருப்பது நெரிசலான டவுன். தீவுக்கு மறுபக்கம் மலையும் தோட்டமுமாகப் பச்சைப் பசேலென்று இருக்குமாம்.'

இருக்குமாம்! தாம் நேரே காணாது, பிறர் சொல்லக் கேட்டதைக் கூறும்போது வினைமுற்றின் ஈற்றில் 'ஆம்' சேர்த்துரைப்பது தமிழ் மரபு. பள்ளியில் இதனைக் கற்பிக்கும் போதெல்லாம் மூத்தவர் நெஞ்சில் அந்த ஒரு சொல் நெருடும். பன்னிரண்டு ஆண்டுகள் அத்தீவில் வாழ்ந்துவிட்ட ஒருவர் அத்தீவைப் பற்றி 'ஆம்' போட்டு எழுதுவானேன்? ஆனால் இளையவர் கருத்து வேறு. "அத்தா சும்மா அப்படி எழுதினாரு. அழகான ஊரு, அதான் நம்மள மறந்துட்டாரு" என்பார். அத்தா 1999இல் மறைந்தார். இந்த வழக்கு எங்களிடையே தீராமலே நின்றது.

2024ஆம் ஆண்டு சூலைத் திங்களில் இருவரும் பினாங்கு சென்றது இவ்வழக்கின் பொருட்டே என்றால் மிகையாகாது. புறப்படும்போது 84 வயது நிறைந்த அம்மா, வழக்கமான அறிவுரைகளையெல்லாம் வழங்கிவிட்டு, "அந்தப் பக்கத்தையும் பார்த்துட்டு வாங்க" என்று மட்டும் சொன்னார். எந்தப் பக்கம் என்று நாங்கள் கேட்கவில்லை.

'பினாங்' என்பது மலாய் மொழியில் பாக்கினைக் குறிக்கும். கெடா சுல்தானின் ஆட்சிப் பகுதியாயிருந்த இத்தீவில் 1786 ஆகஸ்டு 11ஆம் நாள் பிரான்சிஸ் லைட் ஆங்கிலக் கொடியை ஏற்றினார். அடுத்து வந்த ஆண்டுகளிலேயே சூலியர் என வழங்கப்பெற்ற தமிழக முஸ்லிம் வணிகரும் கப்பற்றொழிலாளரும் இங்கே பெருகினர். அவர்தம் தலைவராயிருந்த காதர் முகைதீன் பெயரால், 1801இல் தோன்றிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் இன்றும் கம்பீரமாய் நிற்கிறது. சற்றுத் தொலைவில் நாகூர் தர்காவின் நினைவாய் எழுந்த சிறு தர்கா ஒன்றும் உள்ளது. நாகூர்ப் புலவர் குலாம் காதிறு நாவலர் பினாங்கில் வாழ்ந்த காலத்தில் 'வித்தியா விசாரிணி' என்னும் இதழை நடத்தியதைத் தமிழ் மாணவர் அறிவர். இந்நகரின் பழைய பகுதியை 2008இல் யுனெஸ்கோ நிறுவனம் உலக மரபுரிமைச் சின்னமாக ஏற்றது.

முதல் நாள் அத்தா வேலை செய்த கடையைத் தேடினோம். கடிதங்களில் இருந்த கதவிலக்கம் இருந்தது, கடை இல்லை. சுற்றுலாப் பயணிகள் காப்பி அருந்தும் குளிர்பதன விடுதியாக அது மாறியிருந்தது. அத்தாவை அறிந்தவர் எவரும் இல்லை. பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்குப் பின், இராமநாதபுரம் சீமைப் பேச்சு மாறாத முதியவர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தோம். அவரும் அக்காலத்தில் அதே தொழிலில் இருந்தவர்.

அவரிடமிருந்துதான் அந்நாளைய வாழ்வை அறிந்தோம். 'நாசி கண்டார்' என்னும் பெயருக்குப் பொருளே தோளில் காவடி போல் தாங்கிய கோலின் இருமுனையிலும் சோற்றையும் குழம்பையும் தொங்கவிட்டுச் சென்று விற்றது என்பதாகும். அத்தாவின் காலத்தில் கோல் போய்க் கடை வந்துவிட்டது. ஆனால் சுமை போகவில்லை. இரவு மூன்று மணிக்கு அடுப்பு எரியும். மசாலா அரைத்தாக வேண்டும். கடை மூட நள்ளிரவாகும். உறக்கம் கடையின் மேல்மாடியில். ஒருவர் எழுந்த பாயில் மற்றொருவர் படுப்பார். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு ஒன்றரை மணி நேரம் விடுப்பு.

"தீவைச் சுற்றிப் பார்த்ததில்லையா?" என்று இளையவர் கேட்டார்.

முதியவர் சிரித்தார். "எங்க தம்பி பார்த்தோம்? கடையும் பள்ளிவாசலும்தான் எங்களுக்குப் பினாங்கு. அந்தப் பக்கமெல்லாம் இப்ப பேரப்புள்ளைக கார்ல கூட்டிப் போய்த்தான் பார்த்தேன்."

அன்றிரவு இளையவர் அதிகம் பேசவில்லை.

மறுநாள் விடியலில் வாடகைக்கு இரண்டு சிறிய மோட்டார் சைக்கிள்கள் எடுத்தோம். இவ்விடத்தில், இனிச் செல்லும் மாணவர்க்குப் பயன்படும் சில செய்திகளைக் கூறிவிடுகிறோம். நம் ஊர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதிச் சீட்டு முன்னரே பெற்றுச் செல்லல் வேண்டும். மலேசியாவிலும் நம் நாட்டைப் போன்றே சாலையின் இடப்பக்கத்தில்தான் வண்டி செல்லும், ஆகவே அச்சமில்லை. 'கப்சாய்' என்று அவர்கள் அழைக்கும் இச்சிறு வண்டிகளுக்குக் கியர் உண்டு. கையில் கிளட்ச் இல்லை. அரை மணியில் பழகிவிடும். தலைக்கவசம் கட்டாயம். மழைச்சட்டை கட்டாயம் என்று சட்டம் சொல்லவில்லை, வானம் சொல்லும்.

தீவைச் சுற்றிவரும் சாலை ஏறத்தாழ 70 கிலோமீட்டர். சுற்றுலாப் பேருந்தில் சென்றால் அவர்கள் நிறுத்தும் இடத்தில் இறங்கி, அவர்கள் மணியடிக்கும்போது ஏற வேண்டும். இரு சக்கர வண்டியிலோ நிற்க நினைத்தால் நிற்கலாம். திரும்ப நினைத்தால் திரும்பலாம். எங்களுள் ஒரே சிக்கல் வேகம்தான். இளையவர் கை முறுக்குபவர். மூத்தவர் மிதிவண்டிக்கும் வழிவிடுபவர். ஆகவே ஓர் உடன்படிக்கை செய்துகொண்டோம்: அவரவர் வேகத்தில் அவரவர் செல்வது, முன்னே செல்பவர் ஒவ்வொரு சாலைச் சந்திப்பிலும் பின்னே வருபவருக்காகக் காத்திருப்பது. இந்த உடன்படிக்கை வாழ்க்கை முழுவதற்குமே பொருந்தும் என்று பின்னர் எண்ணிக்கொண்டோம்.

வடக்குக் கடற்கரையை ஒட்டிச் சென்றோம். தஞ்சோங் பூங்காவில் கடல்மேல் தூண்கள் நாட்டிக் கட்டிய பள்ளிவாசல் ஒன்று உண்டு. இந்த நூற்றாண்டில் எழுந்தது அது. அலை ஏறும்போது கட்டடமே மிதப்பது போல் தோன்றும். அதன் அருகே நின்று எதிர்க்கரையை நோக்கினால், வானம் தெளிந்த வேளையில் 1217 மீட்டர் உயரமுள்ள குனோங் ஜெராய் மலை நீலமாய்த் தெரியும். அம்மலையடி தான் கெடா; தமிழர் வழக்கில் கடாரம். 1025இல் இராசேந்திர சோழனின் கடற்படை வந்து சேர்ந்த கரை. வென்றவர் பெயர் மெய்க்கீர்த்தியில் இருக்கிறது. அந்நாள் முதல் இந்நாள் வரை அக்கடலைக் கடந்து வந்து உழைத்தவர் பெயரை எந்தக் கல்லில் தேடுவது?

பத்து பிரிங்கியின் விடுதிகளைக் கடந்ததும் சாலை குறுகி வளைந்தது. ஒருபுறம் பாறையும் கடலும்; மறுபுறம் காடு. தெலுக் பாஹாங் என்னும் மீனவச் சிற்றூரில் வண்டிகளை நிறுத்தித் தேநீர் அருந்தினோம். படகுகளும் வலைகளும் கருவாட்டு மணமும் எங்கள் ஊரை நினைவூட்டின. 2004 டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை இத்தீவின் கரையிலும் ஐம்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கவர்ந்தது. நாகை மாவட்டத்தில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டுசென்றதும் அதே நாளின் அலைதான். இடையே வங்கக் கடல் விரிந்திருப்பினும் இரு கரைகளுக்கும் துயரம் ஒன்றாகவே வந்தது.

இங்கே சாலை கடலைவிட்டுத் தெற்கே திரும்பி மலையேறத் தொடங்குகிறது. ஊருக்கு வெளியே ஒரு நீர்த்தேக்கம். 1999இல் கட்டி முடிக்கப்பெற்றதாம். (இங்கு நாங்களும் 'ஆம்' சேர்க்கிறோம், கட்டியதை நாங்கள் பார்க்கவில்லை அன்றோ!) அதன் நீரில் சுற்றிலும் உள்ள மலைகள் தலைகீழாய்த் தெரிந்தன. அதற்கப்பால் பழத்தோட்டங்கள். சாலையோரக் கடைகளில் டுரியானும் மங்குஸ்தானும் ரம்புத்தானும் சாதிக்காய் ஊறுகாயும் குவிந்திருந்தன. டுரியான் மரத்தடியில் வலை கட்டியிருப்பதைக் கண்டு காரணம் கேட்டோம். அப்பழத்தை அங்கே பறிப்பதில்லையாம்; பழுத்துத் தானே விழும்வரை காத்திருப்பராம். தன் வேளையைத் தானே முடிவு செய்யும் பழம் அது.

மலைவழியில் ஒரு கொண்டை ஊசி வளைவுக்குச் சற்று முன் மழை பிடித்துக்கொண்டது. அவ்விடத்தில்தான் இளையவரின் வண்டி ஈர இலைகள்மேல் வழுக்கிச் சாய்ந்தது. வேகம் மிகுந்ததே காரணம். வேறு யாரையும் குறை கூறுவதற்கில்லை. மூத்தவர் வந்து பார்க்கும்போது முழங்கையில் சிராய்ப்போடு அவர் சாலையோரக் கல்லில் அமர்ந்திருந்தார். பழக்கடை வைத்திருந்த மலாய் அம்மையார் ஒருவர் வெந்நீரும் துணியும் கொண்டுவந்து, காயத்தைத் துடைத்து, எங்கள் மொழி அறியாமலே எங்களைக் கடிந்துகொண்டார். தாய்மார் கடிந்துகொள்ளும் மொழி எங்கும் ஒன்றே.

மழை நிற்கும்வரை அக்கடைத் தாழ்வாரத்தில் அமர்ந்திருந்தோம். எதிரே திதி கெராவாங் மலைச்சரிவு. காட்டின் பச்சை, தோட்டத்தின் பச்சை, மழையில் நனைந்த வாழையின் பச்சை என எத்தனையோ பச்சைகள். பள்ளத்தில் வயலும், அதற்கும் கீழே மேற்குக் கடலும் துண்டு துண்டாய்த் தெரிந்தன. வெகுநேரம் கழித்து இளையவர் கேட்டார்:

"அண்ணே, டவுன்லேருந்து குறுக்குப் பாதையில வந்தா இங்க எவ்வளவு நேரம்?"

"ஒரு மணி நேரம் இருக்கும்."

"ஒரு மணி நேரம்." மீண்டும் சொன்னார். "இருபத்தெட்டு வருசத்துல ஒரு மணி நேரம் கெடைக்கலையா அவருக்கு?"

மூத்தவரிடம் விடையில்லை. இளையவர் முகத்தை மழைச்சட்டையால் துடைத்துக்கொண்டார். மழைநீரைத் துடைத்தாரா, வேறு எதையுமா என்று நாங்கள் இருவருமே பின்னர் பேசிக்கொள்ளவில்லை. ஐம்பது ஆண்டு வழக்கு அத்தாழ்வாரத்தில் தீர்ந்தது. அழகிய ஊரில் மகிழ்ந்து எங்களை மறந்தவர் அல்லர் அத்தா. எங்களுக்காக அந்த அழகையும் காணாதிருந்தவர்.

அதன்பின் இருவர் வண்டியும் ஒரே வேகத்தில் சென்றன.

மலையிறங்கினால் பாலிக் புலாவ். பெயருக்குத் 'தீவின் மறுபக்கம்' என்பதே பொருள். அத்தா தம் கடிதத்தில் எழுதியது இவ்வூர்ப் பெயரின் மொழிபெயர்ப்பே என்பது அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. 'பாலிக்' என்பதற்கு மலாய் மொழியில் 'திரும்பிச் செல்லுதல்' என்றும் ஒரு பொருள் உண்டு. அக்காலத்தில் ஊர் திரும்பும் நாளை எண்ணிக் கிடந்தவர்கள் எத்தனை முறை அச்சொல்லை உச்சரித்திருப்பர்! சிறிய கடைத்தெரு, ஓட்டுக் கூரைகள், பின்னே மலை, முன்னே வயல். அங்குள்ள பள்ளிவாசலில் லுஹர் தொழுதோம். அத்தாவுக்காக இறைஞ்சினோம்.

வெளியே வந்து வண்டியின்மேல் அமர்ந்தபடியே ஊருக்குத் தொலைபேசினோம். எடுத்தது அம்மா. இளையவர்தான் பேசினார்.

"அம்மா, அந்தப் பக்கத்துக்கு வந்துட்டோம். பச்சைப் பசேல்னு இருக்கு."

மறுமுனையில் சற்று நேரம் ஓசையில்லை. பின்னர் அம்மாவின் குரல் வந்தது. "அவுகளும் பார்த்திருக்கலாம்." அவ்வளவே. அடுத்த நொடி, "சாப்பிட்டீகளா?" என்று கேட்டார்.

மீதிப் பயணத்தைச் சுருக்கமாகவே கூறலாம். மீண்டும் ஒரு மலை ஏறி இறங்கித் தெலுக் கும்பார் கடற்கரையைத் தொட்டோம். 1972இல் தொடங்கப்பெற்ற பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையின் ஆலைகளையும், வானூர்தி நிலையத்தையும் கடந்தோம். தீவையும் பெருநிலத்தையும் இணைத்து 1985இல் திறக்கப்பெற்ற 13.5 கிலோமீட்டர் நீளமுள்ள பாலம் மாலை வெயிலில் ஒளிர்ந்தது. அத்தா ஊர் திரும்புவதற்கு முந்தைய ஆண்டு திறந்த பாலம் அது. மஃக்ரிபுக்கு முன் சூலியா தெருவை வந்தடைந்தோம். காலையில் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்திருந்தோம். ஆயினும் புறப்பட்ட மனம் அன்று வந்த மனம்.

மாணவச் செல்வங்களே! உங்களுட் பலர் நாளை பிழைப்பு நாடி மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் செல்வீர்கள். சென்ற இடத்தில் உண்மையாய் உழையுங்கள். ஊருக்குப் பணம் அனுப்புங்கள். ஆனால் அந்நாட்டின் மறுபக்கத்தையும் ஒரு நாள் சென்று பாருங்கள். வண்டி இல்லையேல் பேருந்தில் செல்லுங்கள். கண்டதை வீட்டாருக்கு எழுதுங்கள். உங்களைப் பிரிந்திருப்போர், நீங்கள் ஈட்டுவதோடு நீங்கள் காண்பதையும் அறிய விரும்புகிறார்கள்.

சமுதாயப் பெரியோர்களிடமும் ஒரு விண்ணப்பம். உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் கடைகளையும் நிறுவனங்களையும் நடத்தும் நீங்கள், உங்களிடம் வேலை செய்யும் பிள்ளைகளுக்கு வாரத்தில் ஒரு நாளை முழுமையாக அவர்களுக்கே உரிய நாளாகக் கொடுங்கள். அவர்கள் தம் விருப்பப்படி எழ, நடக்க, நிற்க, காண ஒரு நாள். வேர்வை உலருமுன் கூலி கொடுப்பதை நாம் அறிவோம். ஓய்வும் கூலியின் ஒரு பகுதியே என்பதை நம் முன்னோர் பலருக்கு ஒருவரும் சொல்லவில்லை.

எங்கள் வீட்டில் இன்று அந்தப் பழைய வான்கடிதம் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கிறது. மை மங்கிவிட்டது, 'இருக்குமாம்' என்ற சொல் மட்டும் இன்னும் தெளிவாய்த் தெரிகிறது. அத்தா எழுதிய அச்சொல்லை நாங்கள் திருத்தவில்லை. அருகே, பாலிக் புலாவில் எடுத்த ஒரு நிழற்படத்தை மாட்டியிருக்கிறோம். மலையும் தோட்டமும், நடுவே மழையில் நனைந்த இரண்டு சிறு வண்டிகளும் அதில் உள்ளன.